மத்தேயு ரிச்சி பாதிரியார்

ஒரு நாட்டாரைப் பற்றி மற்றொரு நாட்டார் கொள்ளும் எண்ணம், காண்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அமைகின்றது. மேனாட்டார்க்குச் சீன சமுதாயத்தை அறிவித்தவர்களுள் தலைசிறந்தவராகிய மத்தேயு ரிச்சி பாதிரியாரின் சரிதம் இவ்வுண்மையை நமக்குத் தெளிவுறுத்தும்.

இவர் இத்தாலி தேசத்து மாசெராட்டா நகரில் 1552-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 6-ம் நாள் பிறந்தார். சட்டம் பயிலுமாறு உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டவர், 1571-ம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்து, கிளாவியுஸ் என்னும் பேரறிஞரிடம் கணிதமும் வானநூலும் கற்றார். 1578-ல் கோவா வந்திறங்கி, 1580-ல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582-ல் மக்காவோவை அடைந்து சீன மொழியைப் பயிலலானார்.

மறு ஆண்டு ருஜ்ஜியேரி பாதிரியாருடன் சாவோசிங் நகரிற் குடியேறியபோது, இருவரும் தலையை மழித்துப் பௌத்த பிக்ஷுக்களின் கோலம் பூண்டிருந்தனர். ஆனால் அத்தேசத்தில் உயர்மதிப்புப் பெற்றவர் பிக்ஷுக்கள் அல்லர், கற்றறிந்த புலவரே என்பதை ரிச்சி நாளடைவில் உணர்ந்தார். 1595-ல் தலைமயிரும் தாடியும் வளர்த்து, புலவர்க்குரிய பட்டங்கியை அணிந்தார். வெறும் உடை மாற்றமன்று இது. சீனத்தை அவர் காணும் இடமே அன்று மாறிற்று.

1601-ல் பீகிங் நகரம் புகுந்தார். அவர் காணிக்கையாக அளித்த கடிகாரங்கள் அரண்மனையை வியப்பில் ஆழ்த்தின; எனினும் வான்லி சக்கரவர்த்தியை அவர் ஒருநாளும் நேரிற் கண்டாரில்லை. 1602-ல் சீன எழுத்தில் உலகப்படம் ஒன்றை வெளியிட்டார். சூ குவாங்சி என்னும் அறிஞருடன் கூடி, யூக்ளிடின் க்ஷேத்திர கணிதத்தில் முதல் ஆறு புத்தகங்களை 1607-ல் மொழிபெயர்த்தார். 1610-ம் ஆண்டு மே மாதம் 11-ம் நாள் இறந்தபோது, சக்கரவர்த்தியே அடக்கத்திற்கு நிலம் அளிக்க இசைந்தார்.

அவர் எழுதிவைத்த குறிப்புகளை திரிகோ பாதிரியார் இலத்தீனில் ஆக்கி 1615-ல் அச்சிட்டார். பிறப்பாலன்றிப் பரீட்சையாற் பதவி பெறும் முறையையும், கற்றோர் நாடாளும் சிறப்பையும் ஐரோப்பியர் அதில் விரிவாகக் கண்டனர். வறியோர் பெண்குழந்தைகளை நீரில் அமிழ்த்திக் கொல்லும் கொடுமையையும், அதிகாரிகள் மக்களைப் பிரம்பால் அடிக்கும் கடுமையையும் ரிச்சி மறைத்தாரில்லை. எனினும் புலவரோடு வாழ்ந்தவர் புலவரின் கண்கொண்டே கண்டார்; பௌத்த சமயத்தை இகழ்ந்தார்; உழவர் வாழ்வினும் அதிகாரிகளின் வாழ்வே அவர் நூலிற் பெரிதும் விரிந்து நிற்கின்றது.

அந்நூலும் பின்வந்த பாதிரிமார் நூல்களும் ஊட்டிய மதிப்பினால், லைப்னிட்ஸும் வால்ட்டேரும் சீனத்தைப் போற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, வாணிபமும் பீரங்கியும் கொண்டு சென்ற மேனாட்டார் பலர் அதே நாட்டைத் தேங்கிய குட்டையென இகழ்ந்தனர். சீனம் மாறிய அளவினும் காண்போர் நின்ற இடம் மாறியதே பெரிதென்று நமக்குத் தோன்றுகின்றது.

முன்னோர்க்கும் கன்பூசியஸுக்கும் சீனர் செய்யும் மரியாதை தெய்வ வழிபாடன்று என்பது ரிச்சியின் கொள்கை. அதைத் தள்ளி 1715-ல் போப்பாண்டவர் தடை விதிக்க, காங்சி சக்கரவர்த்தி சினந்து கிறிஸ்தவப் பிரசங்கத்தையே 1721-ல் விலக்கினார். 1939-ம் ஆண்டிலேதான் உரோமாபுரி அத்தடையைத் தளர்த்தியது. பிறர் செய்கையின் பொருளை அவரிடமே கேட்டறியாமையால் விளைந்த இழப்பு எத்துணைப் பெரிது!

ரிச்சி பீகிங்கில் வாழ்ந்த காலத்திலேயே, 1606-ல் மதுரை புகுந்த தத்துவ போதகரும் அவ்வாறே நம் நாட்டார் நடையுடையை மேற்கொண்டார் என்பது நாம் அறிந்ததே. பிறரை அறிய விரும்புவோர், அவர் மொழியைக் கற்று அவரோடு வாழ்தல் வேண்டும் என்பதை இப்பெரியார் இருவரும் காட்டினர். அவ்வாறு அறிந்த பின்னரும், நம் கண்ணுக்கு எட்டாது நின்றவர் யாவர் என வினவுதல் நம் கடன்.