பட்டத்தைத் திருப்பித் தந்த மணி ஐயர்

எங்க அனந்தபுரம் பக்கம் தேசிங்கு ராஜா கதை தெரியாதவர் கிடையாது. ஆற்காட்டு நவாபுக்குப் பணியாமல் 1714ல் செஞ்சியில் போரிட்டு மடிந்தவர். வாளே எடுக்காமல் ஒரு பேரரசுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற 75 வயதுப் பெரியவர் ஒருவரும் தமிழ்நாட்டில் உண்டு. அவர்தான் எஸ். சுப்பிரமணிய ஐயர். மக்களுக்கு மணி ஐயர்.

1842ல் மதுரையில் பிறந்தவர். குமாஸ்தா வேலை பார்த்துச் சட்டம் படித்து வக்கீலானார். 1885ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போனார். 1895ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. அங்கே தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் உட்கார்ந்தார். 1904ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

பட்டங்களும் தேடி வந்தன. விக்டோரியா மகாராணி பேரால் 1878ல் 'இந்தியப் பேரரசு விருது வரிசை' ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். 1887 முதல் அதில் மூன்று படிகள். அடிப்படி சி.ஐ.இ., நடுப்படி கே.சி.ஐ.இ., மேல்படி ஜி.சி.ஐ.இ. மேல் இரண்டு படிக்காரர்கள்தான் பேருக்கு முன்னால் 'சர்' போட்டுக்கலாம். மணி ஐயருக்கு 1891ல் சி.ஐ.இ., 1900ல் கே.சி.ஐ.இ. கிடைத்தது. திவான் பகதூர் பட்டமும் உண்டு.

கண்பார்வை மங்கியதால் 1907ல் ஓய்வு பெற்றார். இதோடு நிம்மதியாக வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்துக்குக் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் அம்மையாரை அரசு காவலில் வைத்தது. உடனே அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார் இவர். சுயாட்சி தருவதாக வாக்களித்தால் மூன்றே மாதத்தில் 50 லட்சம் இந்தியர் போர்முனைக்கு வருவார்கள் என்று அதில் சொல்லியிருந்தார்.

1918ல் விஷயம் லண்டன் பார்லிமென்டுக்குப் போயிற்று. இந்தியா மந்திரி மாண்டேகு கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. கே.சி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டையும் துறந்துவிட்டார். தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது அடுத்த வருஷம்தான்.

1924ல் காலமானார். 1948க்குப் பிறகு அந்த விருது யாருக்கும் தரப்படவில்லை. அந்த வரிசையின் கடைசி 'சர்', துராங்கதாரா மகாராஜா, 2010ல் மறைந்தார்.

படிக்கிற தம்பி தங்கைகளே, நாமும் பேருக்குப் பின்னால் பி.இ., எம்.இ. என்று போட்டுக்கொள்கிறோம். அது உழைத்து வாங்கியது, போட்டுக்க வேண்டியதுதான். ஆனால் பெரிய இடத்தில் கிடைத்த மரியாதை நம் வாயை அடைக்கிற நாள் வந்தால், மணி ஐயரை நினைச்சுக்குங்க. சென்னைக்குப் போனால் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வளாகத்தில் அவர் சிலை இருக்கு. ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.