வக்கீல் உரிமத்தை இழந்த வ.உ.சி... திரும்பக் கிடைத்தது எப்படி? சட்டம் அன்றும் இன்றும்!

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல். வ.உ.சி என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்த இரண்டு பெயர்கள்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இன்னொரு தண்டனையும் இருக்கு. சிறையை விட்டு வெளியே வந்த பிறகும் அது ஏறத்தாழ 10 ஆண்டுகள் அவரை விடாமல் துரத்தியது. அதுதான் வக்கீல் உரிமம் பறிபோனது.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். திருச்சியில் சட்டம் படித்த வ.உ.சி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். ஏழைகளுக்காக வாதாடினார், போலீஸாரோடு மோதினார். இது எங்கே போய் முடியுமோ என்று அப்பாவுக்குக் கவலை. 1900-ல் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார். ஆனால் அங்கேதான் பெரிய மோதலே காத்திருந்தது.

ஒரு கம்பெனி, இரண்டு கப்பல்கள்

1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கின் விலை 25 ரூபாய். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி - கொழும்பு வழியைத் தன் கையில் வைத்திருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்கு இது பலத்த அடி.

1908-ல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அரசு பொறுமை இழந்தது. அந்த ஆண்டு மார்ச் 12-ம் தேதி கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே தந்த தீர்ப்பு, இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து 40 ஆண்டுகள்! ராஜதுரோகத்துக்கு 20, சுப்பிரமணிய சிவாவுக்கு உதவியதற்கு 20. மேல்முறையீட்டில் இது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் கழித்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வெளியே வந்ததும் என்னாச்சு?

கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் தொழிலும் இல்லை.

காரணம், 1879-ம் ஆண்டின் சட்டத் தொழிலர்கள் சட்டம். வக்கீல் ஒருவர் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு, அந்தக் குற்றம் அவருடைய நடத்தையில் குறை இருப்பதைக் காட்டினால், அவரை இடைநீக்கம் செய்யவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. மோசடி செய்த வக்கீல்களிடமிருந்து மக்களைக் காப்பாற்ற இப்படி ஒரு விதி தேவைதான். ஆனால் வ.உ.சி யாரையும் ஏமாற்றவில்லை. கட்சிக்காரர் பணத்தில் கை வைக்கவில்லை. அவர் மீதான குற்றச்சாட்டே அரசை எதிர்த்துப் பேசியதுதான்.

விளைவு? சொந்த மாவட்டத்துக்குத் திரும்பவும் தடை இருந்ததால், மனைவி பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். பிறகு கோவைக்குப் போய் வங்கி ஒன்றில் வேலை பார்த்தார். வருமானம் போதவில்லை. கோர்ட்டில் வாதாடிப் பிழைத்த மனிதருக்குக் கைவசம் இருந்த ஒரே தொழில் மூடிக் கிடந்தது.

வாலேஸ்வரன் என்ற பெயர் ஏன்?

கடைசியில், மறுபடியும் தொழில் செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். உரிமத்தைத் திரும்பத் தர வழி செய்தவர் ஓர் ஆங்கிலேயர், நீதிபதி இ.எச்.வாலஸ். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், அந்த நன்றியை மறக்கவில்லை. தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்றே பெயர் வைத்தார்.

அதன்பின் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். ஆனால் இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை, வறுமையும் விடவில்லை. 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பியவர், 1936 நவம்பர் 18-ம் தேதி அங்குள்ள காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார்.

இன்று நிலைமை என்ன?

வ.உ.சி காலத்தில் எல்லா அதிகாரமும் உயர் நீதிமன்றத்தின் கையில். 1926-ல் வந்த பார் கவுன்சில்கள் சட்டம், வழக்கறிஞர்களைக் கொண்ட குழு விசாரித்து அறிக்கை தர வழி செய்தது. ஆனாலும் முடிவு நீதிமன்றத்திடமே இருந்தது.

1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம்தான் இதை மாற்றியது. இப்போது புகார் வந்தால், மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். இதில் 3 பேர் இருப்பார்கள். சம்பந்தப்பட்ட வழக்கறிஞருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் இடைநீக்கம் செய்யலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பாதிக்கப்பட்டவர் இந்திய பார் கவுன்சிலுக்கும், அடுத்து உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி 2 ஆண்டுகள் கடந்தால் அந்தத் தடை விலகிவிடும்.

வக்கீல்களைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அதிகாரம் யார் கையில் இருக்கு, எதற்காகப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி. மண்ணெண்ணெய் விற்று வ.உ.சி கழித்த ஆண்டுகள் இன்றும் நினைவூட்டுவது அதைத்தான்.