கைப்பிடி போட்ட கணினி: ஆடம் ஒஸ்போர்னின் கதை

ஆடம் ஒஸ்போர்ன் என்ற பெயர் இன்று மடிக்கணினி வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அது விற்கும் என்று முதலில் காட்டியவர் அவர். ஆங்கிலேயர். ஆனால் சிறுவயதில் திருவண்ணாமலையில் தமிழ் பேசி வளர்ந்தவர். அவருடைய குடும்பம் அங்கேயே தங்கிப்போனதற்குக் காரணம் யுத்தம்.

1939 மார்ச் 6 அன்று பாங்கொக் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். தாய் லூசியா போலந்து நாட்டவர். ரமண மகரிஷியின் மீது பற்றுக்கொண்ட அந்தக் குடும்பம், 1941 இல் விடுமுறை கிடைத்தபோது திருவண்ணாமலைக்கு வந்தது. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டுத் தந்தை மட்டும் வேலைக்குத் திரும்பினார். அந்த வருடம் டிசம்பரில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. பிரித்தானியப் பிரஜையான ஆர்தர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 1945 இல் யுத்தம் முடியும்வரை அவர் வெளியே வரவில்லை.

தகப்பன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று சிறுவன் ஆடம் ரமணரிடம் வேண்டிக்கொண்டதை ஆர்தரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தத் தகப்பன் திரும்பி வந்தார். இந்த இடத்தை வாசித்தபோது என்னால் உடனே அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அதே வேண்டுதலோடு இன்றும் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் நான் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன்.

ஆடம் கொடைக்கானலில் ஒரு கன்னியர் மடப் பாடசாலையில் படித்தார். பதினொரு வயதளவில் இங்கிலாந்துக்குப் போனார். 1961 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று டெலவெயார் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்தையும் முடித்து, கலிபோர்னியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல சம்பளம் இருந்தும் அந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை. அதை விட்டுவிட்டு, கணினிகளைப் பற்றி எளிய மொழியில் விளக்கி எழுதுவதைத் தொழிலாக்கினார். நுண்கணினிகளுக்கு ஓர் அறிமுகமாக 1970களின் நடுவில் அவர் எழுதிய நூல் நன்றாக விற்றது. அவர் தொடங்கிய பதிப்பகத்தை 1979 இல் மக்ரோ ஹில் நிறுவனம் வாங்கியது. கணினியைச் செய்வதற்கு முன்னரே, அதை மற்றவர்களுக்குப் புரியவைத்தவர் என்று அவர் அறியப்பட்டிருந்தார்.

கையில் வந்த பணத்தைக்கொண்டு அவர் செய்த கணினிதான் ஒஸ்போர்ன் 1. 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சியில் அது வெளிவந்தது. எடை ஏறத்தாழ 11 கிலோ. மூடினால் கைப்பிடி வைத்த தையல் மெஷின் பெட்டி போல இருக்கும். விமான இருக்கையின் கீழே வைக்கலாம். திரை 5 அங்குலம்தான். நினைவகம் 64 கிலோபைட். இரண்டு பிளொப்பி டிரைவ்கள். விலை 1,795 டொலர். அந்த விலைக்குள்ளேயே எழுதுவதற்கு வேர்ட்ஸ்டார், கணக்குப் பார்க்க சுப்பர்கல்க் ஆகிய மென்பொருள்களும் அடங்கின. அவற்றைத் தனியாக வாங்கினாலே பெருந்தொகை வேண்டியிருந்த காலம் அது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த எதையும் ஒஸ்போர்ன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. புரொசசர், திரை, டிரைவ் எல்லாம் ஏற்கெனவே சந்தையில் கிடைத்தவை. ஆகச் சிறந்தது தேவையில்லை, வேலை நடக்குமளவுக்கு இருந்தால் போதும் என்பது அவருடைய கொள்கை. இயந்திரத்தை வடிவமைத்தவர் லீ பெல்சன்ஸ்டைன். ஒரு கருவியைப் பாவிக்கிறவர்களே அதைத் திறந்து, விளங்கி, திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற சிந்தனையை இவான் இல்லிச்சின் எழுத்துகளிலிருந்து பெற்றவர்.

இந்தச் சிந்தனை எனக்கு விளங்கியது வாசிப்பால் மட்டுமல்ல. வீட்டில் கிடந்த பத்து அங்குல மடிக்கணினி ஒன்று சூடாகி, அடிக்கடி நின்றுபோனது. நானே அதைக் கழற்றிப் பூட்டினேன். முதலில் சார்ஜர் வயரைப் பிடுங்கி, பற்றரியைக் கழற்றி, மிஞ்சியிருக்கும் மின்சாரம் போக பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்குறூக்கள் ஒரே நீளமானவை அல்ல. நீளமானதைக் குட்டைத் துளையில் பூட்டினால் உள்ளே மதர்போர்ட் சேதமாகும். ஆகவே ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்குறூவையும் அதன் இடத்தில் ஒட்டி வைத்தேன். மூடியின் விளிம்பை நெம்ப ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். விசைப்பலகையின் நாடா வயரை இழுக்கக் கூடாது, அதைப் பிடித்திருக்கும் சிறு பூட்டை நகத்தால் உயர்த்தினால் அது தானாகக் கழன்று வரும். விசிறிக்குள் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. தூரிகையால் அதைத் துடைத்து, 1 ஜிபி மெமரிக்குப் பதிலாக 2 ஜிபி போட்டு, கழற்றிய ஒழுங்கிற்கு நேரெதிராகப் பூட்டினேன். கணினி மறுபடி ஓடியது.

இப்படித் திறந்து பார்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடைய பெற்றோர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். இருக்கிற பொருளை வைத்து நடக்குமளவுக்குச் செய்வது என்ற ஒஸ்போர்னின் கொள்கையை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒஸ்போர்னின் வெற்றி நீடிக்கவில்லை. அதே விலையில், 9 அங்குலத் திரையோடு கேப்ரோ கணினி வந்தது. 1983 இல் ஒஸ்போர்ன் தனது அடுத்த கணினியைப் பற்றி முற்கூட்டியே பேசியதால், வாங்க இருந்தவர்கள் பழையதை விட்டுப் புதியதற்காகக் காத்திருந்தார்கள் என்பது பிரபலமான கதை. வியாபார உலகில் இதற்கு ஒஸ்போர்ன் விளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நிறுவனத்தில் இருந்த சிலர் சொல்லும் கணக்கு வேறு. களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடந்த பழைய மதர்போர்ட்களை வீணாக்காமல் முழுக் கணினிகளாக்கப் புறப்பட்டு, மற்றப் பாகங்களை வாங்கியதிலேயே பணம் கரைந்தது என்கிறார்கள். எது காரணமாயினும், 1983 செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. எங்களுக்கு அது கறுப்பு ஜூலை முடிந்து இரண்டு மாதம். எங்கள் ஆட்கள் ஒரு பையோடு கப்பலேறி வடக்கே வந்து இறங்கிய காலம்.

அடுத்த வருடமே அவர் மலிவு விலையில் மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் கணக்குப் பார்க்கும் மென்பொருள் தங்களுடையதைப் போல இருக்கிறது என்று லோட்டஸ் நிறுவனம் 1987 இல் வழக்குப் போட்டது. 1990 இல் தீர்ப்பு லோட்டஸுக்குச் சாதகமானது. நோய் முற்ற, 1992 இல் ஒஸ்போர்ன் இந்தியாவுக்குத் திரும்பினார். சிறுவயதில் படித்த கொடைக்கானலில் சகோதரியின் பராமரிப்பில் இருந்து, 2003 மார்ச் 18 அன்று, 64 ஆவது வயதில் காலமானார்.

அப்போது இங்கே சமாதான காலம். ஏ9 வீதி திறந்து ஒரு வருடம்கூட நிறைவடையவில்லை. கொழும்பிலிருந்து லொறிகளில் கணினிகள் வந்து இறங்கின. அவற்றில் முதன்முதலாகத் தட்டச்சுப் பழகிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தமிழ் பேசி வளர்ந்த ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையூரில் அந்த மாதம் இறந்துபோன செய்தி எங்களில் எவருக்கும் எட்டவில்லை.