பட்டம் துறந்த பெருந்தகை

தருமபுரிப் பகுதி மாணவர் ஒருவர் கலைப் பட்டம் பெற விழைந்தால், 1960-களின் தொடக்கம் வரை சேலத்திற்கோ வாணியம்பாடிக்கோ அதற்கும் அப்பாலோ செல்ல வேண்டியிருந்தது. வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டிலேயே இசுலாமியாக் கல்லூரி தோன்றிவிட்டது. மலைத்தொடருக்கு இப்பால் அரை நூற்றாண்டுக் காலம் ஒன்றும் தோன்றாதது ஏன்? இவ்வினாவை நெஞ்சில் நிறுத்தியே கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் வாழ்வை நாம் நோக்குகின்றோம்.

முகமது இசுமாயில் என்னும் இயற்பெயர் கொண்ட அப்பெருமகனார் 1896-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். 1920-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வைத் துறந்தார். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1948 முதல் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த அவர், ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். 1952 முதல் மாநிலங்களவையிலும், 1962 முதல் மஞ்சேரித் தொகுதியின் சார்பில் மக்களவையிலும் பணியாற்றினார்.

தாம் பட்டம் பெறாதவர், பிறர் பட்டம் பெறக் கல்லூரிகள் எழ வேண்டுமெனச் செல்வர்களை ஊக்கினார். விடுதலைக்குப் பின் சமுதாயக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலம் அது. 1951-இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி சமால் முகமது கல்லூரியும், 1955-இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும், 1956-இல் உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரியும், 1965-இல் மேல்விசாரம் அப்துல் அக்கீம் கல்லூரியும், 1971-இல் அவர் பிறந்த நெல்லையில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரியும் தோன்றின.

இவ்வூர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. தோல் பதனிடும் ஊர், கடல் வணிக ஊர், ஆற்றுப் பாசன ஊர், பெருநகர் என ஈகையாளர் வாழ்ந்த இடங்களிலேயே கல்லூரிகள் வேரூன்றின. கொடையால் எழும் கல்லூரி கொடையாளரின் ஊரையே நாடுவது இயல்பு. வானம் பார்த்த பூமியான தருமபுரிக்கு அத்தகைய வணிகச் செல்வம் வாய்க்கவில்லை. அங்கே அரசுதான் கைகொடுத்தது. 1964-இல் கிருட்டிணகிரியிலும் 1965-இல் தருமபுரியிலும் அரசு கலைக் கல்லூரிகள் தோன்றின. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானதும் 1965-இல்தான். ஆயினும் பிந்தித் தொடங்கியதன் சுவடு எளிதில் மறையவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருக்க, தருமபுரியில் அது ஏறத்தாழ 68.5 விழுக்காடே.

இவ்வேற்றத்தாழ்வு நாடு தழுவியது. 2021-22-ஆம் ஆண்டு உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ள ஓர் இலட்சம் பேருக்குக் கருநாடகத்தில் 66 கல்லூரிகள். பீகாரில் ஏழு மட்டுமே.

1972-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் காயிதே மில்லத் மறைந்தார். சென்னைத் திருவல்லிக்கேணி வாலாசா பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கின்றார். 1974-இல் தொடங்கிய சென்னை அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரை வாழ்த்துவதோடு நம் கடன் முடிந்துவிடாது. கொடையாளர் இல்லாத ஊருக்கும் கொடை சென்று சேர வேண்டும்; தொலைவிலிருந்து வரும் மாணவருக்கு விடுதியும் உதவித்தொகையும் காத்திருக்க வேண்டும். அவர் தொடங்கிவைத்த பணியில் எஞ்சியிருப்பது இதுவே. அதனை நிறைவேற்றும் ஆற்றலை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.