நாற்சந்திக்கு நெறி கண்ட மார்கன்

பெருநகரங்களின் நாற்சந்திகளில் நான்கு திசைகளினின்றும் ஊர்திகள் விரைந்து வருகின்றன. அவற்றினிடையே முதியோரும் சிறுவரும், சுமை தாங்கிய ஏழையரும் கால்நடையாய்ச் சாலையைக் கடக்க வேண்டியுள்ளது. ஊர்தியில் வருவோர்க்கு இரும்புக் கூடு காவலாக உள்ளது. நடந்து செல்வோர்க்கோ தம் உடம்பன்றி வேறு காவல் இல்லை. இத்தகையோர் அஞ்சாது கடத்தற்கு வேண்டிய இடைவேளையை எண்ணிப் பார்த்து, அதற்கென ஒரு கருவியையும் அமைத்தவர் காரெட் மார்கன் என்னும் அமெரிக்கப் பெரியார் ஆவார்.

மார்கன் 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கெண்டகி மாநிலத்தில் கறுப்பினத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அடிமைகளாய் வாழ்ந்து பின்னர் விடுதலை பெற்றவர்கள். குடும்பத்தில் மக்கள் பலர், வருவாயோ சிறிது. ஆதலின் மார்கன் தொடக்கப் பள்ளிக் கல்வியோடு நின்றுவிட நேர்ந்தது. பதினான்காம் வயதில் வேலை தேடிச் சின்சினாட்டி நகருக்குச் சென்றார். அங்குக் கூலி வேலை செய்து பெற்ற பொருளில் ஒரு பகுதியை ஆசிரியர் ஒருவர்க்கு அளித்துப் பாடங்கேட்டார். வறுமை பள்ளியின் வாயிலை அடைத்தபோதும், அவர்தம் கல்வி வேட்கையை அடைக்க இயலவில்லை.

1895ஆம் ஆண்டில் அவர் கிளீவ்லாந்து நகரை அடைந்து, தையற்பொறிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் அமர்ந்தார். பொறிகளின் உள்ளமைப்பைக் கூர்ந்து கற்றார். 1907ஆம் ஆண்டில் தமக்கெனக் கடை ஒன்று திறந்தார். உழைப்பினால் செல்வம் பெருகிற்று. ஆயினும் அவர் உள்ளம் செல்வத்தளவில் நிறைவு பெறவில்லை. தீ விபத்துகளில் புகையினால் மூச்சுத் திணறி மாண்டோரைப் பற்றி எண்ணி, தலையை மூடும் காப்புறை ஒன்றை அமைத்தார். புகை மேலெழும், தூய காற்று தரையை ஒட்டி நிற்கும் என்னும் உண்மையை அறிந்து, அவ்வுறையினின்று தரைவரை தொங்கும் குழாயைப் பொருத்தினார். 1914ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எனினும் அதனைப் புனைந்தவர் கறுப்பினத்தவர் எனின் வாங்குவோர் தயங்கிய காலம் அது. ஆகவே தம் கருவியைக் காட்டி விற்கும்போது, வெள்ளையர் ஒருவரைப் படைப்பாளர்போல் முன்னிறுத்திவிட்டுத் தாம் வேற்றுருவில் நிற்க வேண்டியவரானார்.

1916ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், நகருக்குக் குடிநீர் கொணரும்பொருட்டு ஈரி ஏரியின் அடியில் தோண்டப்பட்ட சுரங்கத்தில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. சுரங்கம் நச்சுக் காற்றால் நிரம்பிற்று. மீட்கச் சென்றோருள்ளும் பலர் மீளவில்லை. நள்ளிரவில் அழைப்புப் பெற்ற மார்கன் தம் உடன்பிறந்தாருடன் விரைந்து சென்று, தாம் செய்த காப்புறையை அணிந்து உள்ளே இறங்கினார். பிறர் செய்த கருவியைப் புகழ்வது எளிது. தாம் செய்த கருவியை நம்பித் தம் உயிரையே பணயம் வைப்பது அரிது. அவ்வரிய செயலை அவர் செய்து, சிலரை உயிருடனும் சிலரை உடலமாகவும் வெளிக்கொணர்ந்தார். ஆயினும் பிறர்க்குக் கிடைத்த பாராட்டு அவர்க்கு உரியவாறு கிடைக்கவில்லை. நிறவேற்றுமை அவர்தம் வீரத்தையும் மறைத்தது. அதனால் அவர் மனம் தளர்ந்தாரல்லர்.

அந்நாளில் கிளீவ்லாந்துத் தெருக்களில் மோட்டார் வண்டி, குதிரை வண்டி, மிதிவண்டி ஆகியவற்றோடு மக்களும் ஒருங்கே நெருங்கிச் சென்றனர். சாலை அடையாளங்கள் முன்னரும் இருந்தன. 1868ஆம் ஆண்டில் இலண்டனில் வாயு விளக்கால் ஆகிய அடையாளமும், 1914ஆம் ஆண்டில் கிளீவ்லாந்திலேயே சிவப்பும் பச்சையும் காட்டும் மின்விளக்கும் நிறுவப்பட்டன. 1920ஆம் ஆண்டில் டெட்ராயிட்டு நகரில் மூவண்ண விளக்கு எழுந்தது. ஆயினும் பல இடங்களில் செல்க, நிற்க என்னும் இரண்டே ஆணைகள் இருந்தன. ஓர் ஆணை மறைந்து மற்றோர் ஆணை திடீரெனத் தோன்றின், விரைந்து வரும் வண்டி உடனே நிற்றல் இயலாது. எதிர்த்திசையில் காத்திருந்த வண்டியோ உடனே பாயும். இரண்டிற்கும் நடுவே அகப்பட்டவர் கதி என்னாகும்! மோட்டார் வண்டியொன்றும் குதிரை வண்டியொன்றும் மோதிக்கொண்ட கொடுங்காட்சியை மார்கன் கண்டார் என்றும், அதுவே அவரைச் சிந்திக்கத் தூண்டியது என்றும் கூறுவர்.

கைகள் பொருத்திய கம்பம் ஒன்றை அவர் வடிவமைத்தார். அது கைப்பிடியால் இயக்கப்படுவது. செல்லவும் நிற்கவும் கூறும் இரண்டு நிலைகளோடு மூன்றாம் நிலை ஒன்றும் அதில் இருந்தது. அந்நிலையில் எல்லாத் திசை வண்டிகளும் ஒருங்கே நிற்றல் வேண்டும். சந்தியினுட்புகுந்த வண்டி வெளியேறவும், நடந்து செல்வோர் அச்சமின்றிக் கடக்கவும் அச்சிறுபொழுது உதவிற்று. போக்குவரத்துக் குறைந்த இரவு வேளையில் கைகளைப் பாதியளவில் நிறுத்தி, எச்சரிக்கையோடு செல்லுமாறு அறிவிக்கவும் வழி செய்திருந்தார். 1923ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அக்கம்பம் இன்று தெருக்களில் இல்லை. எனினும் ஒரு திசைக்கு வழிவிடுமுன் எல்லாத் திசைகளையும் சிறிது நிறுத்தும் அந்நெறி, இக்கால மின்விளக்குகளிலும் பல இடங்களில் நின்று நிலவுகின்றது.

தம் இனத்தார் நலத்திற்காக அவர் 1920ஆம் ஆண்டில் செய்தித்தாள் ஒன்றையும் தொடங்கினார். முதுமையில் கண்ணோயுற்றுப் பார்வை பெரிதும் குன்றியபோதும் ஊக்கம் குன்றிலர். 1963ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள், தமது 86ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஒரு காலத்தில் அவரைப் போற்ற மறந்த கிளீவ்லாந்து நகரம், பின்னர்த் தன் குடிநீர் நிலையம் ஒன்றிற்கு அவர் பெயரையே சூட்டியது.

மாணவர்களே! நாற்சந்தியில் விளக்குக்காகக் காத்து நிற்கும் சில நொடிகள் வீணாய்க் கழிவன அல்ல. யாரோ ஒரு முதியவர்க்கும் யாரோ ஒரு குழந்தைக்கும் நாம் அளிக்கும் உயிர்க்கொடை அவை. கருவியை அமைப்பது அறிவு. அதற்கு அடங்கி நடப்பது பண்பு. முன்னதை மார்கன் செய்து முடித்தார். பின்னதைச் செய்வது நம் கடமையாகும்.