எமது முதல் அம்மா: ஹரியற் வின்சிலோ அம்மையார்

உடுவிலில் படித்த எவரிடம் கேட்டாலும் ஹரியற் வின்சிலோ அம்மையாரின் பெயரைச் சொல்வார். 1824 என்ற ஆண்டையும் சேர்த்தே சொல்வார். எங்கள் காலத்தில் அது ஒரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். அவர் எந்த வயதில் இங்கு வந்தார், எத்தனை துக்கங்களைக் கண்டார், எத்தனை வயதில் கண்மூடினார் என்று நாங்கள் கேட்டதுமில்லை, எவரும் சொன்னதுமில்லை. எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அவர் 1840 முதல் 1879 வரை இந்த வளவில் வாழ்ந்து, ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்ற பெயருடன் மறைந்தவர். வின்சிலோ அம்மையாருக்கு அத்தனை ஆயுள் கிடைக்கவில்லை. இறக்கும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுமாறு கேட்டபோது, பாடசாலையின் வரலாற்றை மறுபடியும் எழுதாமல் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை எழுதுவோம் என்று நினைத்தேன்.

ஐக்கிய அமெரிக்காவின் கொனெற்றிக்கட் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊரில், 1796 ஏப்ரல் 9 ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் லேத்திறொப், தாய் ஜோவன்னா. நல்ல நிலையிலிருந்த குடும்பம். இளவயதிலேயே சபையில் சேர்ந்த அவர், பத்தொன்பது வயதில், 1815 இல், தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமையில் பள்ளி வைப்பது அந்த நாளின் பரிசுத்தத்தைக் கெடுப்பதாகும் என்று அங்குள்ள பெரியவர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. பின்னாளில் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எதற்கு என்று கேட்டவர்களைச் சமாளிக்க இந்த அனுபவம் உதவியிருக்கும்.

தூரதேசத்துக்குப் போய் ஊழியஞ் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் அமெரிக்க இளைஞர் பலரிடம் இருந்தது. ஆனால் ஒரு பெண் தனியே போக முடியாது. மிஷனரி ஒருவரின் மனைவியாகத்தான் போகலாம். வேர்மொண்ட் மாநிலத்து வில்லிஸ்ற்றனில் பிறந்து, மிடில்பரிக் கல்லூரியிலும் அன்டோவர் வேதசாஸ்திரக் கல்லூரியிலும் படித்து முடித்த மைரன் வின்சிலோவை அவர் 1819 ஜனவரி 11 ஆம் திகதி மணந்தார். அதே ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி, பொஸ்ரன் துறையில் இன்டஸ் என்ற பாய்க்கப்பலில் இருவரும் ஏறினார்கள். மணமாகி ஐந்து மாதம். பெற்றோரைத் திரும்பக் காண்போம் என்ற நம்பிக்கையோடு அக்காலத்தில் எவரும் அப்படிக் கப்பலேறியதில்லை. அவரும் அவர்களைத் திரும்பக் காணவில்லை.

அந்தக் கப்பலில் வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: வின்சிலோ தம்பதியர், லீவை ஸ்போல்டிங் தம்பதியர், ஹென்றி வூட்வேட் தம்பதியர், வைத்தியர் ஜோன் ஸ்கடர் தம்பதியர். யாழ்ப்பாணத்துக் கல்வியினதும் வைத்தியத்தினதும் கதையில் பெரும்பகுதி அந்த ஒரு கப்பலில் வந்திறங்கியது என்று சொன்னால் மிகையாகாது. நான்கு மாதங்களுக்கு மேற்பட்ட கடற்பயணத்தின் பின் ஒக்டோபரில் கல்கத்தாவை அடைந்தார்கள். கரையேறிய சில நாட்களிலேயே ஸ்கடர் தம்பதியரின் கைக்குழந்தை இறந்தது. பயணத் தோழிகளான மற்றைய மூன்று இளம் மனைவியரும் அந்தத் தாயின் அருகில் நின்றிருப்பார்கள். போகுமிடத்தில் தமக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவர்கள் முதலில் கண்டது அங்கேதான்.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபின் வின்சிலோ தம்பதியருக்கு ஒதுக்கப்பட்ட இடம் உடுவில். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்கு மாறிப் பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த கோவிலையும் அதன் வீட்டையும் திருத்தி, 1820 இல் அங்கு குடியேறினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மூத்த மகன் சார்ள்ஸ் பிறந்தான். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தமிழ் ஏடு என்று அம்மையார் படித்திருப்பார். அவர் கணவர் தமிழில் எத்தனை தூரம் போனார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நாட்களில் அமெரிக்க மிஷனின் நிலை எளிதாக இருக்கவில்லை. 1820 இல் தேசாதிபதியின் இடத்திலிருந்த சேர் எட்வேட் பான்ஸ், புதிதாக ஓர் அமெரிக்கரும் இங்கு வரக்கூடாது என்று தடைவிதித்தார். அச்சுவேலைக்கென்று வந்த ஜேம்ஸ் கரெற் என்பவரைத் திருப்பி அனுப்பினார்கள். இருந்தவர்கள் இருக்கலாம், இறந்தவர்களின் இடத்துக்கு ஆள் வரக்கூடாது. இறப்புகளோ தொடர்ந்தன. 1821 மே மாதத்தில் தெல்லிப்பழையில் டானியல் பூவரின் மனைவி சூசன் இறந்தார். 1822 ஓகஸ்ட்டில் ஜேம்ஸ் ரிச்சட்ஸ் இறந்தார். 1825 இல் இன்டஸ் கப்பலில் கூட வந்த லிடியா வூட்வேட் இறந்தார். அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தில் ஒவ்வொரு மரணமும் ஒரு வீடு இருளடைவதற்குச் சமம். பதின்மூன்று ஆண்டுகள், 1833 வரை, அந்தத் தடை நீடித்தது.

பாடசாலை தொடங்கிய கதையை நாம் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம். அம்மையாரிடம் தையலும் எழுத்தும் பழக வந்த சிறுமியர் இருவர், ஒரு மாலையில் கொட்டிய மழையில் வீடு போக முடியாமல் நின்றுவிட்டார்கள். பிறர் வீட்டுச் சோறு சாப்பிட்டால் சாதி போய்விடும் என்ற பயத்தில் பசியோடிருந்து, கடைசியில் அழுதழுது சாப்பிட்டார்கள். அதன்பின் அங்கேயே தங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் வாயிலும் சற்று மாறி மாறி வரும் கதை இது. நான் இதைச் சரித்திரமாகச் சொல்லவில்லை, நமது வளவின் கதையாகச் சொல்கிறேன். எப்படித் தொடங்கியிருந்தாலும், 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்று இருந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள்.

அது ஏன் தொடங்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்குச் செமினரி தொடங்கியாயிற்று. அங்கு படித்துக் கிறிஸ்தவரான வாலிபருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்பது மிஷனின் கணக்கு. படித்து முடித்து மிஷனின் சம்மதத்துடன் மணஞ்செய்யும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் மிஷனே கொடுத்தது. சீதனம் தேட முடியாத தகப்பன்மாருக்கு அது பெரிய ஆறுதல். ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம் என்ற வழக்கமும் இருந்தது. உங்கள் பூட்டியின் பெயர் ஏன் அப்படியொரு வெள்ளைக்காரப் பெயராக இருந்தது என்று நினைத்ததுண்டா? பதில் இதுவாக இருக்கலாம். பிறந்தபோது தாய் கூப்பிட்ட பெயர் பல குடும்பங்களில் நினைவில் இல்லாமலே போய்விட்டது. இந்தக் குறையை நன்றியோடு சேர்த்தே சொல்லலாம் என்பது என் எண்ணம். ஒன்றைச் சொல்வதால் மற்றது குறையாது.

பிள்ளை தங்கிப் படித்தால்தான் வீட்டாரின் பழக்கவழக்கங்களிலிருந்து விலகி வளரும் என்று மிஷனரிமார் நம்பினார்கள். ஆகவே தாயிடமிருந்து மகளைப் பிரித்து எடுத்தார்கள். அவர்கள் இந்த விதியைத் தம் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொண்டார்கள் என்பதை அறியாமல் நாம் அவர்களைக் குறை சொல்லக்கூடாது. மிஷனரிப் பிள்ளைகள் இந்த நாட்டின் வெயிலிலும், தாங்கள் மாற்ற வந்த பழக்கங்களின் நடுவிலும் வளரக்கூடாது, அமெரிக்காவில் உறவினரிடம் வளர்ந்து படிக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். வின்சிலோ தம்பதியரின் மூத்தவன் சார்ள்ஸும் அப்படியே கப்பலேற்றப்பட்டான்.

அவனுக்குப் பத்து, பதினொரு வயது. பிறந்த ஊர் உடுவில். அமெரிக்கா அவனுக்குக் கதையில் கேட்ட தேசம். வழியனுப்பிய தாய் திரும்பி வந்து நின்றது பிறர் பெற்ற பெண்பிள்ளைகளின் நடுவில். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வீடு சென்ற யாழ்ப்பாணத் தாய்மாருக்கு, உடுவிலிலிருந்து ஒரு மணி நேர நடையில் மகளின் முகம் இருந்தது. அம்மையாருக்கு அப்படியல்ல. கப்பல் கரைசேர்ந்த செய்தி வருவதற்கே பல மாதம்.

எண்பதுகளில் கொழும்புக்குப் பஸ் ஏற்றி, அங்கிருந்து எந்த நாட்டுக்கென்று தெரியாமலே பிள்ளைகளை அனுப்பிய தாய்மார் எம்மில் பலர். தபாற்காரனின் மணிச்சத்தத்துக்குப் படலையடிக்கு ஓடியவர்கள். அவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சார்ள்ஸ் 1832 மே 24 ஆம் திகதி நியூயோர்க்கில் இறந்தான். பதினொரு வயதும் நான்கு மாதமும். அன்று உடுவிலில் என்ன நடந்திருக்கும்? காலையில் மணி அடித்திருக்கும், செபம் நடந்திருக்கும், பிள்ளைகள் தைக்க உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து வந்த வாரங்களிலும் அம்மையார் அவனை உயிரோடிருப்பவனாகவே எண்ணியிருப்பார். பாய்க்கப்பல் காலத்தின் கொடுமை அது. ஒரு மரணத்தை அறியாமல் மாதக்கணக்கில் வாழ வேண்டியிருந்தது.

மகன் இறந்து எட்டு மாதம் நிறையவில்லை. 1833 ஜனவரி 14 ஆம் திகதி, தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில், ஹரியற் அம்மையாரும் உடுவிலில் காலமானார். மணநாளின் பதினான்காவது ஆண்டு நிறைந்து மூன்று நாள். தாம் திருத்திக் குடியேறிய அந்த ஊரின் மண்ணிலேயே அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் மட்டுமே பாடசாலையை நடத்தியிருந்தார்.

தாயில்லாத பெண்பிள்ளைகளோடு மைரன் வின்சிலோ தனித்துப்போனார். அதே ஆண்டில் அமெரிக்கா புறப்பட்டார். மனைவியின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1835 இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. சிறுவன் சார்ள்ஸைப் பற்றியும் ஒரு சிறிய நூல் அங்கு அச்சிடப்பட்டது. இரண்டும் அமெரிக்க வீடுகளில் வாசிக்கப்பட்டன. யாழ்ப்பாணம் என்ற பெயரை முதன்முதலில் அந்தப் பக்கங்களில் கண்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

தடை நீங்கியதும் 1833 இன் இறுதியில் புதிய மிஷனரிமார் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் சாமுவேல் ஹச்சிங்ஸின் மனைவி எலிசபெத், அம்மையாரின் உடன்பிறந்த தங்கை. அக்காவின் ஊருக்கு வந்தார், அக்கா இல்லை. பின்னர் இன்னும் இரண்டு தங்கையர் மிஷனரிமாரை மணந்து இப்பக்கம் வந்தார்கள். அவர்களில் பெரி என்பவரை மணந்தவர், 1837 இல் வாந்திபேதி கண்டு கணவரோடு இறந்தார். நோர்விச்சில் இருந்த பெற்றோருக்கு எத்தனை கடிதங்கள் இப்படிப் போயின என்று எண்ணவே மனம் கூசுகிறது.

மைரன் வின்சிலோ பின்னர் திரும்பி வந்தார். 1836 இல் சென்னைக்கு மாறி, ஸ்கடருடன் அங்கு மிஷனைத் தொடங்கினார். மீண்டும் மணஞ்செய்தார், மீண்டும் மனைவியரை இழந்தார், மீண்டும் மணஞ்செய்தார். அவர் ஐந்து முறை மணந்தவர் என்பதைச் சிலர் சிரித்துக்கொண்டு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இழப்புகளின் நடுவில் அவர் இருந்து செய்தது தமிழ் அகராதி வேலை. நல்லூரிலிருந்த ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கி, பலர் கைமாறி வந்த அந்த வேலையை முடித்து, 1862 இல் சென்னையில் அச்சேற்றினார். அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். வின்சிலோ அகராதியை இன்றும் எடுத்துப் பார்ப்பவர்கள், அதை ஆக்கியவரின் தமிழ் உடுவில் வீட்டில் தொடங்கியது என்பதை நினைப்பதில்லை. உடல்நலங் குன்றி ஊர் திரும்பப் புறப்பட்டவர், 1864 ஒக்டோபரில் நன்னம்பிக்கை முனையில் காலமானார். ஊர் போய்ச் சேரவில்லை.

பாடசாலையை இன்டஸ் கப்பல் தோழர்களான ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்றார்கள். அக்னியூ அம்மையார் வந்தபின் அவருக்கும் பக்கத் துணையாய் நின்று, இருவரும் எழுபதுகளில் இங்கேயே மறைந்தார்கள்.

இன்னுமொரு செய்தி, அறியாதவர்களுக்காக. அம்மையாரின் மகள்களில் ஒருத்தி, தாயின் பெயரையே கொண்ட ஹரியற் லேத்திறொப் வின்சிலோ, 1829 இல் உடுவிலில் பிறந்தவர். தாய் இறந்தபோது மூன்று, நான்கு வயது. அமெரிக்காவில் வளர்ந்து, ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிஷனரியை மணந்து, அவருடன் சென்னைக்கு வந்தார். கடல் தாண்டிப் பிரிந்தவர்களின் பிள்ளை மறுபடியும் கடல் தாண்டிய கதை. அவரின் பேரன்மார்தான் அமெரிக்க இராஜாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸும், அந்நாட்டு உளவுத்துறையின் தலைவராயிருந்த அலன் டலஸும். அவர்களின் அரசியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவர்களின் பாட்டி தவழ்ந்த மண் நமது வளவு.

வெளிநாடுகளிலிருந்து லீவில் வருபவர்கள் கல்லூரிக்குள் போய், வகுப்பறைகளையும் விடுதியையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்தமுறை வரும்போது சற்றுப் பொழுதை மிச்சம் பிடித்து, கோவில் பக்கமும் நடந்து, அங்குள்ள பழைய பெயர்களை நின்று வாசித்துவிட்டுப் போங்கள். பேரப்பிள்ளைகள் கூட வந்தால், சார்ள்ஸின் வயதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.