எஸ். ஜி. கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) தமிழ் நாடக நடிகரும் பாடகரும் ஆவார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் உச்ச சுருதியில் பாடிப் புகழ்பெற்றவர். 27 ஆண்டுகளே வாழ்ந்த இவரது கலைவாழ்வின் பெரும்பகுதி இளமைப் பருவத்திலேயே அமைந்தது.

பிறப்பும் குடும்பமும்

கிட்டப்பா அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் பிறந்தார். பெற்றோர் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள். இயற்பெயர் இராமகிருஷ்ணன். வறுமை மிகுந்த பெரிய குடும்பமாதலால் முறையான பள்ளிக் கல்வி இவருக்குக் கிட்டவில்லை. சகோதரர்கள் சிலரும் நாடகத்துறையில் இருந்தனர். அவர்களுள் காசி ஐயர் இசையறிவு மிக்கவர்; தம்பிக்கு இசை கற்பித்ததோடு, பின்னாளில் ஆர்மோனியமும் வாசித்தார்.

நாடக வாழ்க்கை

அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள் பல இருந்தன. சிறுவர்கள் குழுவுடனேயே தங்கி, ஊர் ஊராகச் சென்று, பாட்டும் வசனமும் நடிப்பும் பயின்றனர். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்றனர். கிட்டப்பா சிறுவயதிலேயே மேடையேறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் பயிற்சி பெற்றார்.

பின்னர் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். காட்சி அமைப்புகளின் பிரம்மாண்டத்திற்குப் பெயர்பெற்றது அக்கம்பெனி. அதன் தசாவதாரம் நாடகத்தில் பரதனாக நடித்தது இவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது.

பாய்ஸ் கம்பெனி நடிகர்களுக்குக் குரல் உடையும் பருவம் ஒரு சோதனையாக இருந்தது. குரல் கெட்டதால் வாய்ப்பிழந்தோர் பலர். கிட்டப்பாவோ வாலிபப் பருவத்திலும் உச்ச சுருதியில் பாடும் ஆற்றலை இழக்கவில்லை. கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும் குரலும், விரைவான பிருகாக்களும் இவரது சிறப்புகள். தியாகராஜரின் எவரனி கீர்த்தனை உள்ளிட்ட இவரது பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. இன்று இவரது இசையை அறிய உதவுவன அவையே. 1931-ல் தமிழ்ப் பேசும்படம் வந்தபோதும் இவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை.

கே. பி. சுந்தராம்பாள்

கிட்டப்பா 1924-ல் கிட்டம்மாளை மணந்தார். 1926-ல் இலங்கைக்குச் சென்றபோது, கொழும்பில் நடித்துவந்த கே. பி. சுந்தராம்பாளுடன் இணைந்து நடித்தார். இருவரும் பாட்டில் வல்லவர்கள்; மேடையில் ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்துப் பாடியதைக் கேட்க மக்கள் திரண்டனர். 1927-ல் மாயவரத்தில் சுந்தராம்பாளை மணந்தார். தமிழகமெங்கும் இவ்விணையின் நாடகங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. வள்ளி திருமணம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எனினும் பின்னர் இருவருக்குமிடையே மனவேறுபாடு தோன்றிப் பிரிவு ஏற்பட்டது.

மறைவு

சிறுவயது முதல் ஓய்வின்றி இரவு முழுவதும் பாடி நடித்த கிட்டப்பா, நாளடைவில் மதுப்பழக்கத்திற்கு ஆளானார். உடல்நலம் குன்றி, 1933 டிசம்பர் 2 அன்று காலமானார்.

அப்போது 25 வயதான சுந்தராம்பாள் அன்றுமுதல் வெள்ளாடை அணிந்தார். ஆண் நடிகருடன் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1935-ல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்தில் அவரே நந்தனாராக ஆண் வேடமேற்று நடித்தார்.